நாய்க்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

"நாய்க்கு எந்தச் சாப்பாடு நல்லது?" என்று என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேறு பிரச்சினை இருக்கும். கழிச்சல் நிற்கவில்லை, விடாமல் சொறிகிறது, கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. உடனே பாக்கெட்டை மாற்றியிருப்பார்கள். அடுத்த வாரம் இன்னொன்று. இப்படி இரண்டு மூன்று தடவை மாற்றிய பிறகு, எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். நான் பார்த்தவரை கோளாறு பாக்கெட்டுக்குள் இருப்பது குறைவு. போடும் அளவு, மாற்றிய வேகம், இடையிடையே கொடுக்கும் தீனி, இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் மாட்டும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். உணவையே மாற்றுவது கடைசியில்.

உங்கள் நாய்க்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்

- வயிறு உப்பியிருக்கிறது, ஓக்காளிக்கிறது, எதுவும் வெளியே வரவில்லை, ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிறது. இது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.
- தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்து வருகிறது. பார்வோ என்ற கொடிய வைரஸ் தொற்றாக எடுத்துக்கொண்டே செயல்படுங்கள்.
- வலிப்பு, தள்ளாட்டம், மயக்கம். ஈறு வெளுத்தோ, நீலம் பாரித்தோ, மஞ்சளாகவோ இருக்கிறது.
- குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

## ஆகாத எதையோ தின்றுவிட்டது

இங்கே அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க முடியும். அந்த நேரத்தை "பார்ப்போம், நன்றாகத்தானே இருக்கிறது" என்று கழித்துவிட்டுத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கையும் குறித்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிடுங்கள். உறை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாய்க்கு விஷமாகும்.

சைலிட்டால். இது ஒரு இனிப்பூட்டி. சர்க்கரையில்லாத சூயிங் கம், மிட்டாய், பற்பசை, சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இருக்கும். உறையில் 'பர்ச் சுகர்' என்றோ ஈ967 என்றோ போட்டிருந்தாலும் இதுதான். கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே இரத்தச் சர்க்கரை சரியலாம். அரை மணி நேரத்திலேயே தள்ளாட்டம் தொடங்கக்கூடும். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் போகலாம். எனக்கு மிகவும் பயமான பொருள் இதுதான், ஏனென்றால் வீட்டில் யாரும் அதை ஆபத்தாக நினைப்பதே இல்லை.

சாக்லேட். எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. நாய்க்கு விஷமாவது அதிலுள்ள தியோப்ரோமின். பால் சாக்லேட்டில் கிராமுக்கு அது சுமார் 2 மில்லிகிராம்; சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட்டில் சுமார் 15. நாயின் கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே அறிகுறி தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு அது பால் சாக்லேட்டில் ஏறக்குறைய 100 கிராம். சமையல் சாக்லேட்டில் 13 கிராம்தான், ஒரு சின்னத் துண்டு.

திராட்சை, உலர் திராட்சை. சிறுநீரகம் செயலிழக்கலாம். ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றும் விழுந்துவிடும். பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது. எவ்வளவு சிறிதானாலும் கூப்பிடுங்கள்.

வெங்காயம், பூண்டு. பச்சையோ, சமைத்ததோ, பொடியோ எல்லாமே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பொடியில் வீரியம் அதிகம். அறிகுறி சில நாள் கழித்துத்தான் தெரியும்: சோர்வு, வெளுத்த ஈறு, செம்பழுப்பு நிறச் சிறுநீர். நாலு நாள் முன்னால் தின்றதை மறந்திருப்பீர்கள், அதனால் யோசித்துப் பாருங்கள்.

மற்றவை. மக்கடேமியா கொட்டை பின்னங்கால்களைத் தளர்த்திவிடும். ஈஸ்ட் போட்ட பச்சை மாவு வயிற்றுக்குள் உப்பும், சாராயமும் உண்டாக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். எலும்பு போன்ற கூரானதை விழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

## கழிச்சல்

### நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, இரத்தம் இல்லை

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், கடந்த பத்து நாளில் உணவை மாற்றினீர்களா? ஒரே நாளில் மாற்றியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். பழைய உணவுக்குத் திரும்புங்கள், மலம் கெட்டியான பிறகு மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அதற்கடுத்த இரண்டு நாள் முக்கால், அப்புறம் முழுதும் புதியது. வயிறு மென்மையான நாய்க்கு இதையே பத்து நாளாக இழுக்கலாம்.

இரண்டாவது, அளவு. பாக்கெட்டில் உள்ள அட்டவணை ஒரு நாளைக்கு உரியது. அதை ஒரு வேளைக்கு என்று படித்துவிட்டு இரண்டு வேளையும் அதே அளவு போடுகிறவர்கள் நிறைய. நாய் இரட்டிப்பாகத் தின்கிறது, மலம் கூழாகப் போகிறது, "இந்தப் பாக்கெட் சரியில்லை" என்கிறார்கள். கோப்பையால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே கோப்பையில் ஒருவர் அள்ளுவதற்கும் இன்னொருவர் அள்ளுவதற்கும் நல்ல வித்தியாசம் வரும்.

மூன்றாவது, கிண்ணத்துக்கு வெளியே போவது என்ன? பால், தட்டில் மிஞ்சியது, கொழுப்புத் துண்டு, குப்பைத் தொட்டி, தெருவில் கவ்வியது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது, உணவு கெட்டுவிட்டதா? முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள்.

ஐந்தாவது, கடைசியாகக் குடற்புழு நீக்கியது எப்போது? தேதி நினைவில்லை என்றால் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க அதுவே போதுமான காரணம்.

இடைப்பட்ட நேரத்தில் தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் போதும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் இதையே நீட்டாதீர்கள், இது முழு உணவு இல்லை.

மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். கோலி வகை நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அவற்றுக்கு அந்த மாத்திரைகளில் உள்ள லோபராமைடு என்ற மருந்து மூளையைப் பாதிக்கும்.

மருத்துவர் எப்போது? வளர்ந்த நாய்க்கு இரண்டு நாளில் அடங்காவிட்டால். குட்டி, கிழ நாய், மிகச் சிறிய இனம் என்றால் அன்றைக்கே.

### சளியும் சிவப்பு இரத்தமும் தெரிகிறது

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போனால் பெருங்குடல் எரிச்சல். ஒரு தடவை ஒரு கீற்று இரத்தம் தெரிந்து நாய் தெளிவாக இருந்தால் மேலே சொன்ன பத்திய உணவோடு ஒரு நாள் கவனிக்கலாம். மறுபடி வந்தால், அல்லது இரத்தம் கூடினால், போய்விடுங்கள். மலம் தார்போலக் கறுத்திருந்தால் மேல் குடலில் இரத்தக் கசிவு இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

### நின்று நின்று வாரக்கணக்கில் வருகிறது

உணவை மாற்றி மாற்றிப் பார்ப்பதை இத்துடன் விடுங்கள். மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியைத் தேடச் சொல்லுங்கள். அதிலும் தெரியாவிட்டால் அடுத்தது இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். செலவு கூடும் இடம் இதுதான், ஆனால் இங்கே தள்ளிப்போட்டு மிச்சமாவது ஒன்றுமில்லை.

## வாந்தி

முதலில் அது வாந்திதானா என்று பாருங்கள். வயிறு குலுங்காமல், தின்ற கொஞ்ச நேரத்தில், தின்றது தின்றபடியே வெளியே வந்தால் அது எதுக்களிப்பு. பெரும்பாலும் வேகமாக விழுங்கியதால் வருவது. உணவை அகலத் தட்டில் பரப்பி வையுங்கள், இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் உணவுக்குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

விடிகாலையில் மஞ்சள் நுரை, மற்றபடி நன்றாக இருக்கிறது. வயிறு நெடுநேரம் காலியாக இருந்ததால் பித்தம் மேலே வருகிறது. அதே நாள் அளவில் ஒரு பங்கைப் படுக்கப்போகும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும். ஒரு வாரத்தில் மாறாவிட்டால் காட்டுங்கள்.

கொழுப்பான எதையோ தின்ற பிறகு. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வைத்துக்கொள்கிறதா? வயிற்றைத் தொட்டால் விலகுகிறதா? கணைய அழற்சியாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவர்.

பொம்மை, துணி, பழக்கொட்டை ஏதாவது காணோமா? குடல் அடைப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பல தடவை வாந்தி, மலமும் இல்லை என்றால் தாமதிக்காதீர்கள்.

## சாப்பிட மறுக்கிறது

அதற்கு மிகவும் பிடித்த ஒரு துண்டைக் கையில் நீட்டிப் பாருங்கள். இந்த ஒரே சோதனை வழியைப் பிரித்துவிடும்.

துண்டை ஆசையாகத் தின்கிறது, கிண்ணத்தைத் தொடவில்லை. உணவு சிக்கு வாடை அடிக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இடைத்தீனி வயிற்றை நிரப்புகிறது, அல்லது மறுத்தால் இதைவிடச் சுவையானது வரும் என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது. வேளைக்குக் கிண்ணத்தை வையுங்கள், இருபது நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை எதுவும் கொடுக்காதீர்கள். மேலே குழம்பு ஊற்றிக் கெஞ்சுவது பழக்கத்தை இறுக்கும். இந்த முறை நலமாக உள்ள வளர்ந்த நாய்க்கு மட்டும். சின்ன இனக் குட்டிகளுக்குச் சில மணி நேரப் பட்டினியிலேயே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

வாயில் எடுக்கிறது, கீழே போடுகிறது. பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. உடைந்த பல், வீங்கிய ஈறு, பல்லிடுக்கில் குறுக்காகச் சிக்கிய குச்சி அல்லது எலும்பு. வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் தின்கிறதா பாருங்கள். தின்றால் பல் பிரச்சினை உறுதியாகிறது, தீரவில்லை.

பிடித்த துண்டையும் மறுக்கிறது. இது உணவுப் பிரச்சினையே இல்லை, உடல்நலப் பிரச்சினை. ஒரு நாளைத் தாண்டக் கூடாது.

## சொறிதல், பாதம் நக்குதல், காதில் திரும்பத் திரும்பச் சீழ்

"தானியம் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற முடிவுக்கு எல்லோரும் வேகமாக வந்துவிடுகிறார்கள். நாய்களின் உணவு ஒவ்வாமையில் அதிகம் பிடிபடுவது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி. கோதுமை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. தானியமில்லா உணவுக்குத் தாவுவதில் வேறொரு தயக்கமும் உண்டு. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள அப்படிப்பட்ட உணவுகளுக்கும் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணையைத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. ஆனால் தேவையில்லாமல் அந்தப் பக்கம் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

1. வால் அடியில் முடியை விலக்கித் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். மருந்து போட்டு முடித்த பிறகே மற்றதை யோசியுங்கள்.
2. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வருகிறதா? அப்படியென்றால் மகரந்தம், புல் போன்றவைமேல் சந்தேகம் கூடும். உணவு ஒவ்வாமை ஆண்டு முழுதும் இருக்கும்.
3. இரண்டும் இல்லையென்றால் மருத்துவர் மேற்பார்வையில் விலக்கு உணவு. இதுவரை தின்றே இராத ஒரு புரதம், அல்லது நீராற்பகுத்த (ஒவ்வாமை தூண்டாத அளவுக்குச் சிறு துணுக்குகளாக உடைத்த) புரத உணவு, எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் வேறொரு துண்டு உள்ளே போகக் கூடாது. சுவையூட்டிய மாத்திரைகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.
4. அரிப்பு அடங்கினால் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பாருங்கள். அரிப்பு திரும்பினால்தான் ஒவ்வாமை உறுதி. இந்தப் படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

முடி, எச்சில், இரத்தம் அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் சோதனைகளை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

காதில் சீழும் தோலில் துர்நாற்றமும் இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். உணவை மாற்றுவதால் கிருமித் தொற்று போகாது.

## எடை கூடிக்கொண்டே போகிறது

விலா எலும்பின்மேல் விரல்களை மென்மையாக ஓட்டுங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு போடுவோம்.

நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணால் இரண்டு தடவை பெருக்குங்கள். வந்ததற்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு: 1000, 31.6, 5.62, கடைசியில் சுமார் 394 கிலோ கலோரி. இது ஓய்வு நிலைக்கானது. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 630. அதில் இடைத்தீனி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 63 கிலோ கலோரி. பல் தேய்க்கும் மெல்லுபொருள் ஒன்றே இதை முடித்துவிடலாம், அதன் உறையைப் பாருங்கள்.

இளைக்க வைக்க வேண்டுமென்றால் இப்போதைய எடைக்குக் கணக்குப் போடாதீர்கள். 14 கிலோ நாய் 10 கிலோவாக இருக்க வேண்டியது என்றால், 10 கிலோவின் ஓய்வு அளவான 394-இல் தொடங்குங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். பழக்கிய உணவையே பாதியாக வெட்டினால் சத்தும் பாதியாகும். குறைப்பது பெரிதாக இருந்தால் எடை குறைப்புக்கான உணவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

தராசில் நிறுத்துப் போட்டும் ஒரு மாதத்தில் அசையவில்லையா? வீட்டில் வேறு யாரோ ஊட்டுகிறார்கள், அல்லது தைராய்டு குறைவு போன்ற கோளாறு. இரத்தப் பரிசோதனை.

## எடை குறைகிறது

குடற்புழு, போதாத அளவு, இன்னொரு நாய் பங்கைத் தின்பது, இவை முதலில். நிறையத் தின்றும் இளைக்கிறது, மலம் குவியல் குவியலாக, எண்ணெய்ப் பளபளப்போடு போகிறது என்றால் கணையம் போதிய செரிமான நொதி சுரக்காமல் இருக்கலாம். தண்ணீரையும் அளந்து பாருங்கள்: ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இரண்டையும் பார்க்க வேண்டும். இவை எதற்கும் "சத்தான உணவு" மருந்தாகாது.

## பெரிய இனக் குட்டி நொண்டுகிறது, கால் வளைகிறது

இரண்டு எதிரெதிர்க் காரணங்கள். வெறும் இறைச்சியும் சோறும் தின்கிற குட்டிக்குக் கால்சியம் கிடைக்காமல் உடல் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். முழுமையான குட்டி உணவோடு கால்சியம் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் அது மிஞ்சிப்போய் எலும்பு கோணலாக வளரும். இரண்டாவதில் மருந்தை இன்றே நிறுத்துங்கள். முதலாவதில் நீங்களாகவே மருந்து தொடங்காதீர்கள், எக்ஸ்ரே எடுத்துவிட்டு அளவு கேளுங்கள். வளர்ந்த பின் 32 கிலோவைத் தாண்டும் இனம் என்றால், பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று உறையில் எழுதியிருக்கும் உணவாகத் தேடுங்கள்.

## வாயு, மலச்சிக்கல்

வாயுவுக்கு வேகமாக விழுங்குவது, பால், பருப்பு வகைகள் என்ற வரிசையில் நிறுத்திப் பாருங்கள். மலச்சிக்கலில், எலும்பு தின்றதா என்று முதலில் கேளுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் போனால் அதுதான். உணவில் தண்ணீர் கலந்து கொடுங்கள். இரண்டு நாள் மலமே இல்லை, அல்லது முக்கி அழுகிறது என்றால் மருத்துவர்.

## எல்லாம் பார்த்தாயிற்று, உணவைத்தான் மாற்ற வேண்டும்

உறையின் முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வாசகம் எந்த வயதுக்கு என்பதோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்புகள் இதற்கான அளவுகளை வகுத்திருக்கின்றன. 'துணை உணவு' என்றிருந்தால் அது தினசரிச் சாப்பாடு இல்லை.

டப்பா உணவில் புரதம் 8 சதவீதம், உலர் உணவில் 26 என்று பார்த்துவிட்டு டப்பா மட்டம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரைக் கழித்துக் கணக்கிடுங்கள். டப்பாவில் ஈரம் 78 என்றால் மீதி 22. எட்டை 22-ஆல் வகுத்தால் 36 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10 என்றால் 26-ஐ 90-ஆல் வகுக்க 29.

வீட்டில் சமைத்துப் போட விரும்பினால் நல்லதுதான், ஆனால் யாரோ எழுதிய குறிப்பை வைத்துச் செய்யாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 200 சமையல் குறிப்புகளில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்து குறைந்தது. அவற்றில் பல, கால்நடை மருத்துவர்களே எழுதியவை. கால்நடை ஊட்டச்சத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவரிடம் உங்கள் நாய்க்கென்று எழுதி வாங்குங்கள். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா இரண்டும் வரும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி இருந்தால் அதை நினைக்கவே வேண்டாம்.

உலர் உணவை வாங்கிய பையிலேயே வைத்து, அந்தப் பையையே மூடியுள்ள டப்பாவுக்குள் இறக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிரித்த ஆறு வாரத்துக்குள் தீரும் அளவாக வாங்குங்கள். பையைத் தூக்கி எறியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007-இல் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த மூலப்பொருளால் வட அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனை உணவுகள் திரும்பப் பெறப்பட்டன. பல விலங்குகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் உங்கள் கையில் இருப்பது அதுதானா என்று சொல்வது பையிலுள்ள தொகுதி எண் மட்டுமே. உணவை டப்பாவில் கொட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த எண்ணையும் காலாவதித் தேதியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கொட்டுங்கள்.